ஓரத்துப் பொத்தல்

வீட்டுக்கு டிவி வந்த புதிதில் ஜெயஸ்ரீயின் அம்மா அதன் தலைக்குப் போட ஒரு வெள்ளைத் துணி பின்னினாள். வட்டமான குரோஷா துணி. நடுவில் கைவளை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை, அதைச் சுற்றி இதழ் இதழாக விரியும் பின்னல். அந்நாளில் தி.நகர் வீடுகளில் சாமி படத்துக்கு அடுத்த மரியாதை டிவிக்குத்தான். அப்பா பாத்திரக்கடையிலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றுவதற்கு முன்னால் துணியை எடுத்து மடித்துவைத்துவிட்டு டிவியைப் போடுவார்.

ஒரு தீபாவளியன்று தம்பி ஆனந்தகுமார் கம்பி மத்தாப்பைக் கொளுத்திக்கொண்டே கூடத்துக்குள் ஓடிவந்தான். பொறி பறந்து துணியின் ஓரத்தில் விழுந்தது. இலந்தைப்பழம் அளவுக்குப் பொத்தல். அம்மா அடிக்கவில்லை, சிரித்துவிட்டாள். அந்தப் பொத்தலை அவள் கடைசிவரை அடைக்கவும் இல்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், "இது எங்க ஆனந்து வச்ச முத்திரை" என்று காட்டுவாள். வீடே சிரிக்கும்.

அந்தச் சிரிப்புதான் இப்போது ஜெயஸ்ரீக்கு வேண்டியிருந்தது. அம்மா போனபிறகு தம்பி மயிலாப்பூரில் இருக்கும் அவள் வீட்டுப் பக்கம் வருவதே இல்லை. சண்டை என்று எதுவும் கிடையாது. பொங்கலுக்கும் பிறந்தநாளுக்கும் போனில் ஒரு வாழ்த்து வரும், அவ்வளவுதான். பாலவாக்கத்தில் புது ஃபிளாட்டுக்குப் பால் காய்ச்சுகிறான் என்பதுகூட வாட்ஸப்பில் வந்த அழைப்பிதழைப் பார்த்துத்தான் தெரிந்தது. அன்று கற்பகாம்பாள் சன்னதியில் அவள் வேறெதுவும் கேட்கவில்லை. பழைய ஆனந்து திரும்பக் கிடைத்தால் போதும் என்றாள்.

ஜெயஸ்ரீ வீட்டிலேயே டிரீம்கேச்சர் செய்து விற்பவள். வளையத்துக்குள் வலைபோல நூல் பின்னி, கீழே மணியும் இறகும் தொங்கவிட்டால், படுக்கைக்கு மேலே மாட்டிக்கொள்ளச் சிறுசுகள் ஆசையாக வாங்கிப்போகிறார்கள். கெட்ட கனவு வலையில் சிக்கிக்கொள்ளுமாம், நல்ல கனவு நடு ஓட்டை வழியாக இறங்குமாம். அம்மாவுக்குப் பிறகு தன் வீட்டு டிவி மேல் கிடக்கும் அந்தத் துணியையே வளையத்தில் கட்டித் தம்பிக்குக் கொடுத்தால் என்ன? பொத்தலைப் பார்த்ததும் சிரித்துவிடுவான். சிரித்தால் பேசுவான்.

வளையத்தில் துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்துக்கட்ட அவளோடு வேலை செய்யும் கயலை மிஞ்ச ஆளில்லை. ஊரூர் ஒல்காட் மீனவக் குப்பத்துப் பெண், வலை கட்டிப் பழகிய விரல். துணியையும் வளையத்தையும் அவளிடம் கொடுத்தனுப்பினாள் ஜெயஸ்ரீ. பொத்தலைப் பற்றி மட்டும் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கும் என்று தோன்றவே இல்லை.

பால் காய்ச்சும் அன்று காலையில் கயல் கொண்டுவந்து நீட்டினாள். துணி முழுநிலவுபோல விறைத்து நின்றது. ஆனால் ஓரத்தில் பொத்தலைக் காணோம். பழுத்துப்போன பழைய நூலுக்கு நடுவில் புது வெள்ளை நூலில், சாய்சதுரமாக, நெருக்கமாக மீன்வலை முடிச்சுகள்.

"இன்னாக்கா அப்டி பாக்குற? நடுவுல கீற ஓட்டைய நான் தொடல, அது நல்ல கனா போற வழி. ஓரத்துல ஒண்ணு எரிஞ்சி போய் கெடந்துச்சு பாரு, அத்த அடச்சிட்டேன். வுட்டா கெட்ட கனா அது வழியா பூந்துகினு வந்துடாது?"

"உன்னை யாருடி அடைக்கச் சொன்னது?" என்ற சொல் ஜெயஸ்ரீயின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"எங்க குப்பத்துல கிழிஞ்ச வலைய அப்டியே யார் கைலயும் குடுக்க மாட்டோம்க்கா" என்றாள் கயல். "வாங்கினு போறவன் கடலுக்குல்ல போறான்."

அவள் கண்கள் சிவந்திருந்தன. பழைய நூல் அறுந்துவிடாமல் ராத்திரி முழுக்க ஒவ்வொரு வலைக்கண்ணாகப் பிடித்து முடிந்திருக்கிறாள். ஜெயஸ்ரீ சொல்லை விழுங்கினாள். கோயிலுக்குப் போய் விழுந்து கும்பிடுவதைவிட அது சில நேரம் கடினம்.

"நல்லா இருக்கு கயல்."

"நெசமாவா? மூஞ்சி அப்டி சொல்லலையே."

"நெசமாத்தான். போய்த் தூங்கு."

பாலவாக்கத்தில் பால் பொங்கி, வந்தவர்கள் சாப்பிடப் போனபிறகு ஜெயஸ்ரீ பொட்டலத்தைத் தம்பி கையில் கொடுத்தாள். மனதுக்குள் நம்பிக்கை இல்லை. பிரித்ததும் ஆனந்தகுமாருக்குத் துணி தெரிந்துவிட்டது. அவன் விரல் தேடாமல் நேராக அந்த ஓரத்துக்குப் போய் நின்றது.

"யாருக்கா அடைச்சா?"

"என்கூட வேலை பாக்குற பொண்ணு. தெரியாம அடைச்சிட்டா, ஆனந்து. எனக்கும்..."

"எத்தனை வாட்டி கேட்டிருப்பேன் தெரியுமா? தச்சிடும்மா, தச்சிடும்மான்னு." அவன் முடிச்சுகளைத் தடவிக்கொண்டே இருந்தான். "அம்மா வர்றவங்க எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுவாங்க. நீங்கள்லாம் சிரிப்பீங்க. நானும் சேர்ந்து சிரிப்பேன். உள்ள எப்படி இருக்கும்னு... அம்மா போன அப்புறமும் உன் வீட்டு டிவி மேல அது கிடந்துச்சு. எப்படிக்கா வர்றது?"

இத்தனை வருடமும் ஜெயஸ்ரீ பொத்திப் பாதுகாத்தது சிரிப்பை இல்லை, தம்பியின் அவமானத்தை. அதை அப்படியே கொண்டுவந்து புது வீட்டில் மாட்டவிருந்தாள். அவள் கேட்டதை அம்பாள் கொடுத்தாள். ஆனால் அவள் நினைத்த வழியில் இல்லை, கயலின் விரல் வழியாக.

"எனக்குத் தெரியாதுடா" என்றாள்.

"சின்னப் பையன் ரோஷம்க்கா. விடு." அவன் மூக்கை உறிஞ்சினான். "என்ன முடிச்சு இது? இழுத்தாலும் அசையல."

"மீன்வலை முடிச்சு. அவ ஊரூர் குப்பத்துப் பொண்ணு. உன் மத்தாப்பு வழியா கெட்ட கனா வந்துடும்னு அடைச்சாளாம்."

ஆனந்தகுமார் சிரித்தான். அம்மாவின் அதே சிரிப்பு, தோள் குலுங்க. ஜன்னலில் கடல்காற்று படும் இடமாகப் பார்த்து அதை அவனே மாட்டினான். பிறகு அடுப்படிக்குப் போய் ஒரு டப்பாவில் சர்க்கரைப் பொங்கலை அமுக்கி நிரப்பிக்கொண்டு வந்தான்.

"வா, போற வழியில அந்தப் பொண்ணுகிட்ட குடுத்துட்டு உன்னை வீட்ல விட்டுடறேன்."

"ஆட்டோல போய்க்குவேன்டா. விருந்தாளிங்க இருக்காங்க."

"அவங்க சாப்பிட்டுத் தூங்குவாங்க. எனக்கு உன் வீட்டுக் காபி வேணும்" என்று கார் சாவியை எடுத்தான்.