கொழுப்பிறக்காத குதிரை

“ஞாயித்துக்கிழமை போட்டியில மாமியாரை நான் ஓட்டணும் சார். என் பேர்ல.”

குதிரையேற்றக் கிளப்பின் செயலாளர் வாய்வரை கொண்டுபோன தேநீர்க் கோப்பையை அப்படியே நிறுத்திவிட்டார். மாமியார் என்பது ஒரு செம்பழுப்புப் பெண்குதிரை. சேணம் போட்டால் வயிற்றை உப்பிக்கொள்ளும், கழற்றினால் காலைத் தூக்கும், தீனி வைத்தால் தொட்டியைத் தள்ளிவிட்டு முறைக்கும். எதிலும் திருப்தி கிடையாது என்பதால் என் அப்பா வைத்த பெயர் அது. அப்பா அந்த லாயத்தில் குதிரைக்காரர். எனக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அவர் சொல்லிவைத்த ஒரே சட்டம், “குதிரை வேணும்னு மட்டும் வாயைத் திறந்து கேட்டுடாதே. ஏறச் சொன்னா ஏறு, இறங்கச் சொன்னா இறங்கு” என்பதுதான். ஏறினேன், இறங்கினேன். நடுவில் எங்கள் குடும்பத்திலேயே முதல் ஆளாகப் பட்டமும் வாங்கினேன். அந்தப் பட்டத்துக்குக் கிடைத்தது அதே கிளப்பின் அலுவலகத்தில் ஒரு நாற்காலி. விடிந்ததும் சேணம், வெயில் ஏறியதும் கணினி.

“அது மெம்பர்களுக்கான தடை தாண்டுற போட்டிம்மா.”

“அனைவருக்கும்னு போட்டிருக்கு சார். அந்த நோட்டீஸை டைப் பண்ணதே நான்தான்.”

அவர் சிரித்தார். “மாமியார் மேலயா? போன வாரம் டாக்டரைத் தூக்கி வேலியில காயப்போட்டுச்சே! சரி, ஏறிக்கோ. விழுந்தா கிளப் பொறுப்பில்ல. ஆனா அன்னிக்கும் உன் வேலை உன் வேலைதான், ஆமா.”

என் வேலைக்கு லாயத்தில் கொழுப்பு இறக்குவது என்று பெயர். உறுப்பினர் வந்து ஏறுவதற்கு முன்னால் அந்தக் குதிரையில் நான் ஏறி, வட்டமடித்து, ஓடவிட்டு, துள்ளலெல்லாம் அடங்கும்வரை வேர்க்க வைக்க வேண்டும். கழுத்து நனைந்து தலை தொங்கியதும் இறங்கி, லகானை அவர்கள் கையில் தர வேண்டும். அவர்கள் ஏறி உட்கார்ந்து, “நல்ல அடக்கமான குதிரை” என்பார்கள். அடக்கியது யார் என்று யாரும் கேட்டதில்லை. அவர்கள் வென்ற கோப்பைகள் கூடத்து அலமாரியில் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் பாதி என் தொடைவலி.

விஷயம் தெரிந்ததும் அப்பா வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “கேட்டுட்டியா? அவ்வளவு சொல்லியும் கேட்டுட்டியா?”

“கேட்டேன். குடுத்துட்டாரு.”

“உன்னைப் படிக்க வெச்சது இதுக்குத்தானா?”

“இதுக்குத்தாம்பா.”

அம்மா அடுப்பிலிருந்து திரும்பாமலே, “அப்பனுக்கு மகள் தப்பாம பொறந்திருக்கா. ஆனா அப்பன் பேசாததையும் சேர்த்துப் பேசுறா” என்றாள். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். சாப்பிட்டு முடித்துக் கைகழுவப் போகும்போது என்னைப் பார்க்காமல், “என் வேலைய நான் பாத்துக்கறேன். நீ குதிரையப் பாரு” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை செயலாளர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். கிளப் தலைவரின் மகளுக்கு வெள்ளைக் குதிரை. அதன் கொழுப்பை நான்தான் இறக்க வேண்டும். அவளுக்கு அடுத்ததாகக் களத்தில் இறங்குவதும் நான்தான். வெள்ளைக் குதிரையின் முதுகில் வட்டமடித்துக்கொண்டே பார்த்தேன். அந்தக் கோடியில் அப்பாவின் கைப்பிடியில் மாமியார் கால் மாற்றிக் கால் மாற்றிக் குதித்துக்கொண்டிருந்தாள். முந்தின நாளிலிருந்து லாயத்தை விட்டு வெளியே வராதவள். கொழுப்பிறக்காத குதிரையோடு யாரும் தடை தாண்டப் போவதில்லை, அது எங்கள் லாயத்தில் எழுதாத விதி. இங்கே எல்லாருக்கும் நான் இருந்தேன். எனக்கு யார் இருந்தார்கள்?

“அக்கா, இறக்கிட்டீங்களா?” என்று தலைவர் மகள் ஓடி வந்தாள். கெட்டவள் இல்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவதுபோல இதுவும் வரும் என்று நினைத்துக்கொண்டிருப்பவள். லகானை அவள் கையில் திணித்துவிட்டு ஓடினேன்.

அப்பா குனிந்து இரண்டு கைகளையும் கோத்து நீட்டினார். உறுப்பினர்களின் பிள்ளைகளை எல்லாம் அப்படித்தான் ஏற்றிவிடுவார். நான் மட்டும் சுவரைப் பிடித்தோ தொட்டிமேல் கால்வைத்தோ ஏறிப் பழகியவள். “என்ன முழிக்கிற? காலைக் குடு” என்றார். கொடுத்தேன். என்னை ஒரு மூட்டைபோல மேலே எறிந்தார்.

வெள்ளைக் குதிரை மூன்று கம்புகளைத் தள்ளிவிட்டுச் சோர்ந்து வெளியே வந்தது. எங்களுக்கு மணி அடித்தது. மாமியார் முதலில் செய்த காரியம் பின்னங்கால்களை உதறியதுதான். கூட்டம் ‘ஓ’ என்றது. செயலாளர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டது கண்ணில் பட்டது. என் கைகள் பழக்கத்தில் அவளை இழுத்தன, வட்டத்துக்குள் திருப்பி ஓடவைத்துக் களைக்க வைக்கப் பார்த்தன. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவளை நான் யாருக்காக இறக்கப் போகிறேன்? நான் இறங்கிய பிறகு ஏற யாரும் காத்திருக்கவில்லை.

லகானை விட்டுக் கொடுத்தேன்.

அவள் ஒரு கணம் நம்பவில்லை. காதுகளைப் பின்னால் திருப்பி, நிஜமாகத்தானா என்று கேட்டாள். பிறகு போனாள். இத்தனை வருஷம் குதிரைமேல் இருந்தும் குதிரை என்றால் என்னவென்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. மற்றவர்களுக்காக நான் தினமும் கரைத்து ஊற்றிய அத்தனையும் அந்த முதுகுக்குள் அப்படியே இருந்தது. முதல் தடையைத் தாண்டினாள் என்பதைவிட அவமதித்தாள் என்பதே சரி. இரட்டைத் தடைக்கு நடுவே ஓர் எட்டைக் குறைத்துக்கொண்டு பாய்ந்தாள், என் வயிறு தரையிலேயே தங்கிவிட்டது. தண்ணீர்ப் பள்ளத்தைப் பார்த்து எல்லாக் குதிரையும் தயங்கும். அவள் அதைத் திட்டுவதுபோல மூக்கால் சீறிவிட்டுப் பறந்தாள். நான் கத்திக்கொண்டிருந்தேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. கடைசித் தடைக்கு அப்பால் இறங்கியபோது ஒரு கம்பும் விழவில்லை. ஒலிபெருக்கியில் என் பெயரை, அப்பா பெயரோடு சேர்த்து, திக்கித் திக்கி வாசித்தார்கள். அதுவரை யாரும் எங்கள் நேரத்தை நெருங்கியிருக்கவில்லை. அதற்குப் பிறகும் நெருங்கவில்லை.

“அக்கா, இந்த மாதிரிக் குதிரை மேல நான் ஏறினதே இல்லையே!” என்றாள் தலைவர் மகள், கண் விரிய.

“உன்னை ஏறவே விடல. உசிரை எடுத்துட்டுத்தான் உங்க கையில தர்றோம். தைரியம் இருந்தா நாளைக்கு இறக்காம ஏறிப் பாரு.”

வேலியோரம் ஓர் அம்மாள் நின்றிருந்தார். மலையடிவாரத்தில் குதிரைப் பண்ணை வைத்திருப்பவர், கிழிந்த தொப்பி, சேறு காய்ந்த காலணி. “எங்கிட்ட நாலு குட்டிங்க இருக்கு. முதுகுல ஈகூட உக்கார விடாதுங்க. நீ பழக்கி, உன் பேர்லயே போட்டிக்குக் கொண்டு வரணும். யோசிச்சுச் சொல்லு.”

“யோசிச்சுட்டேம்மா. வர்றேன்.”

கோப்பையைக் கூடத்தில் வைத்துத் தந்தார்கள். செயலாளர் என் தோளருகே வந்து குரலைத் தாழ்த்தினார். பெரிய மனதோடு பேசும்போது அவருக்கு அந்தக் குரல்தான். “பிரமாதம்மா. கமிட்டியில பேசிட்டேன், உன்னையே மெம்பர் ஆக்கிடலாம். தலைவர் பொண்ணுக்கு மாமியாரைப் பிடிச்சுப் போச்சாம், அடுத்த போட்டிக்கு அவ ஓட்டட்டும். நீ வழக்கம்போல ஒரு அரை மணி முன்னாடி இறக்கி மட்டும் குடுத்துடு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தமாகவே வந்தது. அலமாரிப் பக்கம் நின்ற டாக்டர் திரும்பிப் பார்த்தார்.

“வேற ஆளைப் பாத்துக்கோங்க சார். ஆபீசுக்கும்.”

“என்னம்மா, உங்க அப்பாவை நினைச்சுப் பாக்க வேணாமா?”

“அவரையே கேளுங்க. வெளியிலதான் இருக்காரு.”

கோப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பளபளக்கும் தரைமேல் சேற்றுக் காலோடு நடந்து, உறுப்பினர்கள் மட்டும் நுழையும் முன்வாசல் கதவைத் தள்ளினேன். வெளியே மாமியார் வேர்வை ஆற நடந்துகொண்டிருக்க வேண்டியவள். நடை நின்றிருந்தது. செயலாளர் ஆசையாக வளர்க்கும் ரோஜாப் பாத்தியில் கழுத்துவரை தலையை விட்டு, சிவப்பாகப் பூத்ததையெல்லாம் வேரோடு பிடுங்கி மென்றுகொண்டிருந்தாள். லகானின் மறுமுனையைப் பிடித்திருந்த அப்பா அதைத் தளர்த்தித் தளர்த்தி விட்டுக்கொண்டே வானத்தைப் பார்த்து நின்றார்.