ரன்வேக்குத் திரும்பாத விமானம்

கல்யாணம் பண்ணிப் பார், வீட்டைக் கட்டிப் பார் என்று சொல்லிவைத்தவர்கள், விமானத்தைக் கட்டிப் பார் என்பதைச் சேர்க்காமல் போனார்கள். சேர்த்திருந்தால் அந்த லிஃப்ட் மெக்கானிக் ஒரு நிமிடமாவது யோசித்திருப்பார். யோசித்தாலும் விட்டிருக்க மாட்டார் என்பது அவர் மனைவியின் கட்சி. பகலெல்லாம் ஊரார் லிஃப்டுகளை ஏற்றி இறக்கிவிட்டு வந்து, வீட்டுக்குப் பின்னால் இருந்த தகர ஷெட்டில் எட்டு வருஷமாக ஒரு சின்ன விமானத்தைக் கட்டினார் மனிதர். வரைபடம் தபாலில் வந்தது. இன்ஜின் இன்னொருவர் ஓட்டிக் கழித்ததாக வந்தது. மற்றதெல்லாம் அவர் கை.

இறக்கைகளுக்கு மேல் துணி போர்த்தித் தைத்தது மட்டும் அவள். அவள் தையற்கடை வைத்திருந்தாள். "சக்களத்திக்கு அளவெடுத்துத் துணி தச்ச பொண்டாட்டி உலகத்துலயே நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அப்போதெல்லாம் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

விமானம் முடிந்ததும், முதல் தடவை அதை யார் ஓட்டுவது என்று சண்டை வந்தது. மெக்கானிக்கிடம் லைசென்ஸ் இருந்தது. ஆனால் அவள் தம்பி குறுக்கே நின்றான். அவன் விமானப் பயிற்சிப் பள்ளியில் வாத்தியார். வீட்டில் கட்டிய விமானங்களை முதன்முதலில் ஓட்டிப் பார்த்துக் கொடுப்பதையும் ஒரு வேலையாகச் செய்துகொண்டிருந்தான்.

"கட்டுனவங்க ஓட்டக் கூடாது மாமா" என்றான், சாப்பாட்டு மேசையில்.

"ஏன், எனக்குக் கை நடுங்குதா?"

"கை இல்ல, மனசு. மேல ஏறும்போது இன்ஜின் நின்னா செய்ய வேண்டியது ஒண்ணுதான். மூக்கைக் கீழ விட்டு, முன்னாடி என்ன இருக்கோ அதுல நேரா இறக்கணும். காடோ மேடோ, வேலியோ, எதுவா இருந்தாலும் சரி. பின்னாடி ரன்வே இருக்கேன்னு திரும்பினா செத்தோம். அந்த உயரத்துல திரும்பி முடிக்க முடியாது, பாதித் திருப்பத்துலயே கல்லு மாதிரி விழுந்துரும். இது எல்லாருக்கும் தெரியும். ஆனா தன் கையால கட்டினவனுக்கு அதை ஒடைக்க மனசு வராது. திரும்பிருவான்."

"நான் திரும்ப மாட்டேன்டா."

"எல்லாரும் தரையில உக்காந்து அப்படித்தான் சொல்றாங்க மாமா."

அவளும் தம்பி பக்கம் பேசினாள். புருஷன் உயிர் மட்டும்தான் அப்போது அவள் கண்ணுக்குத் தெரிந்தது. தம்பி உயிரும் அதே தராசில்தான் இருக்கிறது என்பது அன்றைக்கு உறைக்கவில்லை. அவனுக்குத்தான் இது தொழிலாயிற்றே என்று நினைத்துக்கொண்டாள். மூன்று நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்துவிட்டு மெக்கானிக் ஒத்துக்கொண்டார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதான். பொன் குஞ்சை அடுத்தவன் கையில் கொடுப்பது லேசில்லை.

காற்றில்லாத ஒரு காலையில் சின்ன விமானத் திடலுக்குப் போனார்கள். காவல்காரர் கேட்டைத் திறந்துவிட்டுத் தீயணைப்பு சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். தம்பி தனியாகத்தான் ஏறினான். முதல் தடவை கூட ஆள் ஏற்றக் கூடாது. மெக்கானிக்கிடம் ஒரு கையடக்க ரேடியோ இருந்தது. "நீங்க கேட்டுட்டு மட்டும் இருங்க மாமா, பேச வேண்டாம்" என்று சொல்லிவிட்டுத்தான் கதவைச் சாத்தினான் தம்பி.

விமானம் ஓடியது, சக்கரம் தரையை விட்டது. மெக்கானிக் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். எட்டு வருஷத்தில் அவர் அப்படி அவளைப் பிடித்துக்கொண்டதில்லை. அவளுக்கும் கண் நிறைந்தது. இதற்காகத்தானே இத்தனையும் என்று இருந்தது.

ரன்வே முடியும் இடத்தைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தபோது சத்தம் நின்றது. திணறியதோ இருமியதோ இல்லை. சட்டென்று நின்றது.

"இன்ஜின் போச்சு. நேரா போறேன்" என்றது ரேடியோ. மருந்துக் கடையில் மாத்திரை கேட்கிற குரல்.

விமானத்தின் மூக்கு கீழே சாய்ந்தது. அப்படிச் சாய்ந்ததும் இன்ஜின் இரண்டு முறை உறுமி, உயிர் வந்ததுபோல் காட்டியது. மெக்கானிக் ரேடியோவை வாயில் வைத்துக் கத்தினார்.

"வந்துருச்சு! மாப்ள, திரும்பு! ரன்வே பின்னாலதான் இருக்கு! திரும்புடா, திரும்பு!"

அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். அவருக்கு அவளைவிட நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் கத்துகிறார். ரேடியோவைப் பிடுங்க வேண்டும் என்று தோன்றியது, கை எழவில்லை. இறக்கை எந்தப் பக்கமும் சாயாமல், வேலிக்கு அப்பால் விமானம் இறங்கி மறைந்தது. கடை ஷட்டரை இழுத்துவிட்ட மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அவ்வளவுதான்.

மூன்று பேரும் ஓடினார்கள். உழுது போட்ட வயலில் விமானம் குப்புறக் கவிழ்ந்து கிடந்தது. தம்பி வெளியே ஊர்ந்து வந்து மண்ணில் உட்கார்ந்திருந்தான். இடது கை தொங்கியது. நெற்றியில் ரத்தம். மெக்கானிக்தான் முதலில் போய்ச் சேர்ந்தார். அவன் பக்கத்தில் மண்டியிட்டார், தோளில் கை வைத்தார்.

"ஏன் மாப்ள திரும்பல?" என்று கேட்டார்.

தம்பி நெற்றி ரத்தத்தை வலது கையால் துடைத்தான். பின்னால் மூச்சிரைக்க வந்த காவல்காரர் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு, விடுங்க" என்றார். யாரோ ஒருவர் அதைச் சொல்ல வேண்டியிருந்தது. அவள் தன் கணவர் தலையாட்டுவார் என்று பார்த்தாள். அவர் எழுந்து போய், உடைந்த புரொப்பெல்லர் துண்டைப் பொறுக்கி மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார். அவள் தன் முந்தானையைக் கிழித்துத் தம்பியின் கையைக் கட்டினாள். முடிச்சு ஒழுங்காக விழுந்தது. அழுகை வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. உடம்பில் எங்கேயோ ஊசி போட்டு மரத்துப்போன மாதிரி இருந்தது.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். தம்பி தலையணையில் சாய்ந்துகொண்டு, கோபமே இல்லாமல், வாத்தியார் தோரணையில் கேட்டான்: "மூக்கு மேல போனா நிக்குது, கீழ வந்தா ஓடுது. அப்படின்னா ஏறும்போது இன்ஜினுக்குப் பெட்ரோல் போய்ச் சேரல. மூக்கைத் தூக்கி வச்சுப் பெட்ரோல் ஓட்டம் அளந்து பாத்தீங்கதானே மாமா?"

"பாத்தேன்" என்றார் மெக்கானிக்.

அளந்த அன்றைக்கு அவள் ஷெட்டில் இருந்தாள். பெட்ரோல் குழாய்க்குக் கீழே வாளி பிடித்தவளே அவள்தான். விமானம் சமதரையில் மேசை மாதிரி நின்றது. மூக்கைத் தூக்கினால் புரொப்பெல்லர் தகரக் கூரையில் இடிக்கும். வெளியே தள்ளிக்கொண்டு போய் அளக்கலாம்தான்; ஆனால் மழைத் தூறல், புதுப் பெயின்ட். "இது போதும், நல்லாத்தான் கொட்டுது" என்று குழாயை மூடினார். பெயின்டில் புள்ளி விழக் கூடாது என்று பார்த்தவர், அதில் ஏறப் போகிறவனை நினைக்கவில்லை. அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் மாவுக்கட்டைப் பார்த்தார். தம்பி இருவரையும் பார்த்துவிட்டு, "சரி, விடுங்க" என்று கண்ணை மூடிக்கொண்டான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

ரத்தத்தில் ஊறிய சட்டையைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு அவள் வராந்தாவுக்கு வந்தாள். அவரும் பின்னால் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். எதிரே ஒரு பெண் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் ஈரத் துணியோடு அவர்கள் காலடிக்கு வந்ததும் இரண்டு பேரும் காலைத் தூக்கிக்கொண்டார்கள், அவள் போனதும் கீழே வைத்தார்கள்.

"நானா இருந்தா திருப்பியிருப்பேன்" என்றார் அவர். "கொஞ்சம் தைரியம் வேணும், அவ்வளவுதான். பொழைச்சிருக்கும்."

பிழைத்திருக்கும் என்றார். எதைச் சொல்கிறார் என்று கேட்க வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை.

"இன்ஜினுக்கு ஒண்ணும் ஆகல. இறக்கைதான் புதுசா செய்யணும்" என்று தொடர்ந்தார். "இந்தத் தடவை யாருகிட்டயும் குடுக்கப் போறதில்ல. நானேதான் ஓட்டுவேன்."

அவர் நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். அந்த இடத்தில் அவள் பேச வேண்டும். போன தடவை எப்படிப் பேசினாள்! தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள், உங்களுக்கு ஒண்ணுன்னா நான் என்ன ஆவேன் என்று தெருவுக்கே கேட்கக் கத்தினாள். இப்போதும் அது வரும் என்று அவர் எதிர்பார்த்தார். அவளும்தான் எதிர்பார்த்தாள். தொண்டை வரைக்கும் தேடிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

"ஓட்டுங்க" என்றாள்.