கறிவேப்பிலையைக் கவ்விய வேர்

வேலூரிலிருந்து திரும்பிய பிறகு முதல்முறையாக மொட்டைமாடிக்கு ஏறிய ஜாய்ஸ் நேரே கன்றுப் பைகளிடம் போனாள். பைகளில் சந்தனக் கன்றுகள் வெளிறி நின்றன. அவற்றோடு சேர்த்து வளர்த்த பொன்னாங்கண்ணியைக் காணோம்.

சந்தனம் பார்வைக்குத் தனி மரம். மண்ணுக்குள் அது ஒட்டுண்ணி. பக்கத்துச் செடியின் வேரைக் கவ்வி நீரும் சத்தும் உறிஞ்சும். கவ்வுகிற அந்த உறுப்பு எப்படி உருவானது என்பதுதான் அவளுடைய முனைவர் பட்ட ஆய்வு. பக்கவேர் விடச் செடியிடம் இருந்த பழைய ஏற்பாடே, தலைமுறை தலைமுறையாக மாறி, கவ்வும் வேலைக்குத் திரும்பியது என்பது அவள் வாதம். அதைக் காட்ட, உயிரோடு கவ்விய வேர் ஒன்றாவது வேண்டும். வியாழக்கிழமை வேலூரிலிருந்து பேராசிரியர் பார்க்க வருகிறார். இல்லையென்றால் மறுபடி விதையிலிருந்து தொடங்க வேண்டும். இன்னொரு வருஷம் போய்விடும்.

கீழே இறங்கி வந்தாள். தறியில் அவள் கணவன் சார்லி, பழைய பாவு நூலின் நுனியோடு புதுப் பாவு நூலை இழை இழையாக முறுக்கிப் பிணைத்துக்கொண்டிருந்தான்.

"ஏங்க, பையில இருந்த கீரை எங்க?"

"அதுவா? நீ வேலூர்ல இருந்தப்ப களை மண்டிகினு இருந்துச்சு. வேரோட பிடுங்கிட்டேன்." பட்டில் பிசிறு நின்றால் சும்மா இருக்காத கை அது.

"பிடுங்கி?"

"நீ வந்த அன்னிக்கு அம்மா கூட்டு வெச்சாங்க. நீயுந்தான் ரெண்டு வாட்டி போட்டுகினு துன்ன."

ஜாய்ஸ் மறுபடி மேலே போனாள். ஒவ்வொரு பையாகக் கிழித்து மண்ணைக் கழுவினாள். கவ்விய இடமெல்லாம் அறுந்த தழும்பு. மூலையில் இருந்த கடைசிக் கன்று மட்டும் பச்சையாக இருந்தது. அந்தப் பையைத் தூக்கினாள், வரவில்லை. அடித் துளை வழியே வேர் வெளியேறி, ஒட்டினாற்போல் இருந்த உடைந்த தொட்டிக்குள் போயிருந்தது. தொட்டியில் மாமியாரின் கறிவேப்பிலை.

மண்ணை விரலால் மெல்ல விலக்கினாள். கறிவேப்பிலை வேரின் மேல் சந்தன வேரின் அரிசியளவு வெள்ளைப் புடைப்பு ஒன்று அழுந்த உட்கார்ந்திருந்தது.

பின்னாலேயே வந்த சார்லி குனிந்து பார்த்தான். "நான் முறுக்கினாக்கூட இவ்ளோ நெருக்கமா வராது. இப்ப என்ன பண்ணணும்?"

"ரெண்டு வேரையும் சேர்த்து வெட்டி எடுக்கணும். தொட்டியக் கவுக்கணும்."

"கறிவேப்பிலையையா? அம்மாகிட்ட நீயே சொல்லிக்கோ. எனக்கு எதுக்கு பேஜாரு!"

"கீரையப் பிடுங்குனப்ப என்கிட்ட கேட்டீங்களா?"

கீழிருந்து மாமியாரின் குரல் வந்தது: "டேய் சார்லி! ஜல்தியா ரெண்டு ஈர்க்கு கறிவேப்பிலை கொண்டாடா, எண்ணெ காயுது!"

சார்லி தொட்டியைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். பிறகு, "எப்படியும் கவுக்கப்போற தொட்டிதானே" என்று, இரண்டு ஈர்க்குக்குப் பதில் ஒரு கிளையையே ஒடித்துக்கொண்டு கீழே இறங்கினான்.