வரமாட்டேன் என்ற பேய்

பதினெட்டு வயதில் எனக்குக் காய்ச்சல் விடவே இல்லை. காய்ச்சலை விரட்ட அம்பலாங்கொடையிலிருந்து பேயாட்டக்காரர்களை அழைத்து வந்தார்கள். கோணல்வாய் முகமூடி போட்ட காய்ச்சல் பேய் முற்றத்தில் என் எதிரே வந்து குதித்தது.

“பிள்ளையை விட்டுட்டுப் போறியா, உதை வேணுமா?” என்று மேளக்காரர் மிரட்டினார்.

“போறேன் சாமி! இனி இந்த வாசலையே மிதிக்கமாட்டேன், சத்தியம்!” என்று பேய் அவர் காலில் விழுந்தது. நான் சிரித்துவிட்டேன். காய்ச்சலும் விட்டது.

அடுத்த மாதமே அந்த முகமூடிக்காரன், ஜினதாச, வெற்றிலையோடு பெண் கேட்டு வந்து நின்றான்.

“வரமாட்டேன்னு சத்தியம் பண்ணினியே?” என்றாள் அம்மா.

“அது பேய் சொன்னது, அம்மே.”

நாற்பத்தொரு வருடம் அந்த மனிதரோடு மல்லுக்கட்டினேன். போன வெசாக் பண்டிகையன்று கண்ணை மூடிவிட்டார். இந்த வாரம் மறுபடியும் எனக்குக் காய்ச்சல். சுவரில் தொங்கும் அவருடைய கோணல்வாய் முகமூடியைப் பார்த்துக் கத்தினேன்:

“வாசலை மிதிக்கமாட்டேன்னு சொன்ன சொல்லை இப்பவா காப்பாத்தணும்?”