முதல் முடியை வெட்டினவள்

பாலர் பள்ளி வாசலில் நின்ற எர்மீனியாவுக்குத் தன் பிள்ளையையே அடையாளம் தெரியவில்லை.

மஞ்சளும் கறுப்புமாகத் தேனீச் சட்டை போட்ட பையன்கள் ஆறேழு பேர் கூச்சலிட்டுக்கொண்டு ஓடிவந்தார்கள். கடைசியாக வந்தவனுக்குக் காது இரண்டும் துருத்திக்கொண்டிருந்தன. வெயிலே படாத கழுத்து வெளுத்து, தோலுரித்த முயல் மாதிரி இருந்தான். அவன் நேராக வந்து அவள் பாவாடையைப் பிடித்தபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. அது அவளுடைய அடாலித்.

"யாருடா வெட்டினது?"

"டீச்சர். இனிமே யாரும் என்னைப் பொண்ணுன்னு சொல்லமாட்டாங்களாம்."

நாலு வருஷம். பிறந்த நாளிலிருந்து அந்தத் தலையில் கத்தரி பட்டதில்லை. தினமும் காலையில் முழங்கால்களுக்கு நடுவே உட்காரவைத்து, தண்ணீர் தொட்டுச் சீவி, பதினோரு பின்னல் பின்னுவாள். அவன் ஊரைக் கூட்டிக் கத்துவான். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கடா ராசா" என்பாள். அன்றைக்குத்தான் ருத்துச்சா, பிள்ளையின் முதல் முடியை வெட்டும் சடங்கு. உறவும் அக்கம்பக்கமும் கூடியிருக்க, ஞானத்தகப்பன் முதல் பின்னலை வெட்டுவார். பிறகு ஆளுக்கொரு பின்னல். சோளத்தில் ஊறிய சிச்சாக் கள் பானைகளில் ஒரு வாரமாகப் பொங்கிக்கொண்டிருந்தது. ஞானத்தகப்பனாக இருக்க ஒப்புக்கொண்ட எலெவுத்தேரியோ, அவள் கணவன் செனோனின் பெரியப்பா மகன், ஓருரோவிலிருந்து ஆட்டுக்குட்டியோடு வருவதாகச் சொல்லியிருந்தார். இன்றைக்கு வியாழக்கிழமை.

சந்தையில் விற்றது போக மிச்சமிருந்த அவரைக்காய்க் கூடையை இறக்கி வைத்துவிட்டு, அவள் வகுப்புக்குள் நுழைந்தாள். ரோஸ்மேரி டீச்சர் காகிதப் பூக்களை நூலில் கோத்துக்கொண்டிருந்தாள். கோச்சபம்பா நகரத்துப் பெண், இருபத்தைந்து வயது இருக்கும்.

"கோவிச்சுக்காதீங்கம்மா" என்று எழுந்தாள். "நேத்து வசந்த விழா ஒத்திகையில போட்டோக்காரர் இவனைப் பொண்ணுங்களோட பூ வரிசையில நிக்க வெச்சுட்டார். பசங்க சிரிச்சுட்டாங்க. பிள்ளை தேம்பித் தேம்பி அழுதான். எனக்குப் பார்க்கப் பொறுக்கல."

"சிரிச்ச வாயை அடக்கத் தெரியல, அழுத தலையை வெட்டத் தெரிஞ்சுதோ?"

"ஆம்பளைப் பிள்ளைக்கு எதுக்குங்க இவ்வளவு முடி? சுத்தமாவும் இருக்காது…"

"சுத்தமா? அவன் தலையில ஒரே ஒரு பேன் எடுத்துக் காட்டு. வாசல்ல இருக்கிற அவரைக்காய் மொத்தத்தையும் பச்சையாவே தின்னுட்டுப் போறேன்."

டீச்சரின் முகம் சிவந்தது. "நான் ஒண்ணும் கேக்காம செய்யல. நேத்தே உங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டேன். 'உங்க இஷ்டம் டீச்சர்'னு சொல்லிட்டுப் போனார்."

எர்மீனியா பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு செனோனின் டயர் கடைக்கு நடந்தாள். வழியெல்லாம் பீச் மரங்கள் இளஞ்சிவப்பாகப் பூத்துக் கிடந்தன. அதைப் பார்க்கவும் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

செனோன் லாரி டயர் ஒன்றைக் கடப்பாரையால் நெம்பிக்கொண்டிருந்தான். மகனின் தலையைப் பார்த்ததும் கடப்பாரையைக் கீழே போட்டான்.

"வெட்டிட்டாங்களா?"

"கேக்கறதைப் பாரு! உங்க இஷ்டம்னு சொன்னது எந்த வாய்?"

"நாலு பேர் நிக்கறப்ப கேட்டாங்க எர்மீ. வாயில வந்ததைச் சொன்னேன். ஒரு வார்த்தைதான்."

"நாலு வருஷத்தை வழிச்சு எடுத்துட்டுப் போயிருச்சு, உன் ஒரு வார்த்தை."

அவன் கையிலிருந்த கரியைத் துணியில் துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான். "என்னையும் அப்படித்தான் பண்ணாங்க" என்றான் மெதுவாக. "ஆறு வயசுல டவுன் பள்ளிக்கூடத்துல சேர்த்தாங்க. முதல் நாளே வாத்தியார் முடியைப் பிடிச்சு இழுத்து, ஆட்டுக் கத்தரியால வெட்டினாரு. எல்லாரும் சிரிச்சாங்க. இவனுக்கு அந்தச் சிரிப்பு வேண்டாம்னு நினைச்சேன்."

பதினோரு வருஷக் குடித்தனத்தில் அவன் இதைச் சொன்னதே இல்லை. வேறொரு நாளாக இருந்தால் அவள் மனம் இளகியிருக்கும். இன்றைக்கு அது எரிகிற அடுப்பில் கொழுப்பை ஊற்றியது மாதிரி ஆயிற்று.

"பட்டவன்தானே நீ? பட்டவனே பிள்ளையைக் கொண்டுபோய்க் கொடுக்கலாமா? வா. வந்து அந்த முடியைத் தேடிக் கொடு."

பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் பழைய எண்ணெய் டிரம் ஒன்றுதான் குப்பைத்தொட்டி. செனோன் முழங்கை வரை கையை விட்டான். காலியான தயிர்ப் பாக்கெட், ஊறிப்போன வண்ணக் காகிதம், பசை எல்லாம் வந்தன. ஒவ்வொரு பின்னலாகக் கிடைத்தது. அடாலித் பக்கத்தில் நின்று உற்சாகமாக எண்ணினான். ஏழாவதோடு நின்றுவிட்டது. எவ்வளவு கிளறியும் மற்ற நாலும் கிடைக்கவில்லை. பசையில் மஞ்சள் காகிதம் ஒட்டியிருந்த அந்த ஏழையும் எர்மீனியா தோளில் போட்டிருந்த துணியில் முடிந்துகொண்டாள்.

ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த டீச்சர் தாங்கமாட்டாமல் வெளியே வந்தாள்.

"உங்க முழுப் பேர் என்ன?" என்று கேட்டாள் எர்மீனியா.

"எதுக்கும்மா? போலீஸுக்கா?"

"ஞாயித்துக்கிழமைக்கு. எங்க வழக்கத்துல முதல் முடியை யார் வெட்டுறாங்களோ அவங்கதான் அந்தப் பிள்ளைக்கு ஞானத்தாய். கேட்டு வெட்டினாலும் சரி, திருட்டுத்தனமா வெட்டினாலும் சரி. வெட்டினது நீங்க. இனி அவன் காய்ச்சல்ல படுத்தா பக்கத்துல உக்காரணும். படிக்க வெக்கணும். கல்யாணத்துல முன்னால நிக்கணும். ஒரு நிமிஷத்துல வெட்டிட்டீங்கல்ல? ஆயுசு முழுக்க சுமங்க."

 செனோன் பதறினான். "எலெவுத்தேரியோ அண்ணன்கிட்ட என்னன்னு சொல்றது?"

"டீச்சர்கிட்ட சொன்னியே, அதே வார்த்தையைச் சொல்லு. உங்க இஷ்டம்னு."

ஞாயிற்றுக்கிழமை எலெவுத்தேரியோ ஆட்டுக்குட்டியோடு வந்து விஷயத்தைக் கேட்டார். முற்றத்தில் எல்லாருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். "இருநூறு கிலோமீட்டர் வந்திருக்கேன். தொட்டுக்கிற ஊறுகாயா நான்?" இரண்டாவது பின்னலை வெட்டப்போவது அவர்தான் என்று செனோன் மூன்று குவளை சிச்சா ஊற்றிக் கெஞ்சினான்.

பதினோரு மணி ஆயிற்று. பன்னிரண்டும் ஆயிற்று. "நகரத்துப் பொண்ணு, வரமாட்டா" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். வராவிட்டால் நாளைக் காலையில் பள்ளிக்கூட வாசலில் என்னென்ன கேட்பது என்று எர்மீனியா மனதுக்குள் வரிசைப்படுத்தினாள். அந்த வரிசை நீண்டுகொண்டே போனது.

அப்போது ரோட்டில் மினிபஸ் ஒன்று நின்றது. டீச்சர் தனியாக இறங்கினாள். என்ன கொண்டுபோவது என்று யாரிடமோ கேட்டிருக்க வேண்டும். கால் கட்டிய இரண்டு கோழிகளை, கொத்திவிடுமோ என்று பயந்து, கையை நீட்டித் தள்ளிப் பிடித்துக்கொண்டு வந்தாள். அடாலித்தின் அக்கா மரிபெல் சிரித்துவிட்டாள். எர்மீனியா சிரிக்கவில்லை.

டீச்சர் கோழிகளை வைத்துவிட்டு அவள் முன்னால் மண்ணிலேயே மண்டியிட்டாள்.

"அவனுக்காகத்தான் செஞ்சேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அது பொய். சிரிச்ச பசங்களை அதட்டுறதைவிட வெட்டுறது சுலபமா இருந்துச்சு. என்னை மன்னிச்சிடுங்க."

கூட்டம் எர்மீனியாவின் வாயையே பார்த்தது. பரவாயில்லை என்ற சொல்லுக்காகத்தான் அத்தனை பேரும் காத்திருந்தார்கள். அவளிடம் அது இல்லை.

"எழுந்திருங்க, கொமாத்ரே" என்றாள். பெற்றவளும் ஞானத்தாயும் ஒருவரையொருவர் உறவாக அழைக்கிற அந்தச் சொல்லை, கல்லை எறிவதுபோல எறிந்தாள்.

பையனின் பிடரியில் கத்தரிக்குத் தப்பியிருந்த கொத்தில் நாலைந்து மெல்லிய பின்னல் போட்டிருந்தாள். கத்தரியை டீச்சர் கையில் கொடுத்தாள். கத்தரி ஆடியது.

"நடுங்குதா? அன்னைக்கு நடுங்கலையே."

"அன்னைக்கு நடுங்கியிருக்கணும்" என்றாள் டீச்சர்.

வெட்டிய பின்னலை, குப்பையிலிருந்து எடுத்த ஏழும் கிடந்த தட்டில் வைத்தாள். பிறகு எலெவுத்தேரியோ உறுமிக்கொண்டே வந்து வெட்டினார். எல்லாம் முடிந்ததும் பையன் டீச்சரின் கையைப் பிடித்து, ஆட்டுக்குட்டியைக் காட்ட இழுத்துக்கொண்டு போனான்.

எர்மீனியா அடுப்படியில் தட்டு நிரப்பினாள். ஞானத்தாய்க்கு இருப்பதிலேயே பெரிய இறைச்சித் துண்டு போக வேண்டும், அது முறை. கோபம் ஒரு குண்டுமணி அளவும் குறையவில்லை. ஆனால் கோபத்துக்காக முறையைக் குறைக்கிறவள் இல்லை அவள். பெரிய துண்டையே தேடி எடுத்து, உருளைக்கிழங்கைக் குவித்து, டீச்சர் முன்னால் மேசையில் டொம்மென்று வைத்தாள். குழம்பு தெறித்து டீச்சரின் புது ஷூவில் விழுந்தது.

துடைக்கத் துணி கொடுக்கவில்லை. "மிச்சம் வெக்காம சாப்பிடணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த தட்டை நிரப்பப் போனாள்.