விட்டுப்போன மூன்றாவது வரி

புற்றுநோய்ப் பிரிவில் ஒரு மாதம் டாக்டரின் பின்னாலேயே நடக்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. கல்லூரி அந்த மாணவிக்குக் கொடுத்த வேலை அவ்வளவுதான். வாயைத் திறக்காதவளைத் தேடி ரகசியங்கள் தாமாகவே வந்து சேர்ந்தன.

பத்து மணிக்கு, கைகழுவும் தொட்டியருகே, ஒரு நோயாளியின் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வயித்துப் புண்ணுன்னுதான் அவர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன், கண்ணு. வியாதி பேரு காதுல விழுந்தா எந்திரிச்சுப் போயிடுவாரு. அவங்க அண்ணன் அப்படித்தான் போனாரு, திரும்ப வைத்தியத்துக்கே வரல. இன்னிக்குக் கையெழுத்துப் போட்டாத்தான் திங்கக்கிழமை மருந்து ஏத்துவாங்களாம். நீ ஒரு வார்த்தை விட்டுடாதே."

"சரிங்கம்மா."

வாசலில் ஆளுயர எழுத்தில் 'புற்றுநோய்ப் பிரிவு' என்று பலகை இருந்தது. ஒவ்வொரு தடவையும் மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்துவிடும் கணவரை அந்த அம்மா அதன் கீழாகத்தான் மூன்று வாரமாக அழைத்து வந்துகொண்டிருந்தார்.

அவர்கள் முறை வந்தது. டாக்டர் ஒப்புதல் படிவத்தை எடுத்தார்.

"கண்ணாடி இல்லையா? அப்ப நீ படிச்சுக் காட்டும்மா," என்றார் மாணவியிடம்.

மேசைக்கு டாக்டர் இருந்த பக்கம் நின்று அவள் படித்தாள். முதல் வரி, பெயரும் வயதும். இரண்டாவது, சிகிச்சை. மூன்றாவது, வியாதியின் பெயர். மனைவியின் முகத்தைப் பார்த்தாள். சட்டென்று நான்காவது வரிக்குத் தாவினாள். "வாந்தி, முடி உதிர்தல், களைப்பு..."

"மூணாவது வரி போச்சே, பாப்பா," என்றார் கணவர்.

மனைவி மெல்லத் திரும்பினார். "கண்ணாடிதான் இல்லையே உங்ககிட்ட?"

"கிட்டத்துல படிக்கத்தான் கண்ணாடி வேணும். அது எட்டத்துல, தலைகீழாதானே இருக்கு. முப்பது வருஷம் அச்சகத்துல பிழை திருத்தினவன்டி. பேசாம இருந்துடலாம்னுதான் பார்த்தேன். ஒரு வரி விட்டுப்போனா எனக்குப் பல்லு கூசுது."

"அப்ப எல்லாம் தெரியுமா?"

"முதல் நாளே பலகையைப் படிச்சுட்டேன். வயித்துப் புண்ணுன்னு சொல்றப்ப உன் முகத்துல ஒரு தெம்பு இருந்துச்சு. அதைக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

"நான் குளியலறையில குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதுட்டு இருந்தேனேங்க."

"தெரியும். நீ வெளியே வந்ததும் நான் அழப் போவேன். தொட்டியில தண்ணி இருக்காது."

டாக்டர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டார்.

"அண்ணன் மாதிரி எந்திரிச்சுப் போயிடுவீங்களா?" மனைவியின் குரல் இறங்கியிருந்தது.

"அவன் போனப்ப பின்னால ஓட ஆளில்ல. நான் போனா நீ பின்னாலயே வந்துடுவே. எதுக்கு ரெண்டு பேருக்கும் வீண் அலைச்சல்? பாப்பா, விட்டதைப் படி."

மாணவி படித்தாள். அந்தச் சொல் வந்தபோது மனைவி அவருடைய சட்டைக் கையைப் பற்றிக்கொண்டார். அவர் பேனாவை வாங்கி, ஒரே இழுப்பில் கையெழுத்துப் போட்டார்.

"ஐயா, அது நான் போட வேண்டிய இடம்," என்றார் டாக்டர்.

"பிழை திருத்தினவராம், முப்பது வருஷம்," என்றார் மனைவி, கண்ணைத் துடைத்தபடி.

மாணவி ஓடிப்போய் வேறு படிவம் கொண்டுவந்தாள். இந்தத் தடவை எங்கே போட வேண்டும் என்று மனைவியே விரல் வைத்துக் காட்டினார்.

"ஆடாமக் காட்டு," என்றார் அவர்.