வெள்ளிக்கிழமை போலீஸ்

எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. கம்பெனி கேம்ப்பில் இருந்தவர்களாகவே அப்படி முடிவு செய்துகொண்டார்கள். நான் மறுக்கவில்லை, அவ்வளவுதான். கீழக்கரையில் பத்தாவது வரை படித்தவன், இஸ்திரி போட்ட சட்டை போட்டவன், சூப்பர்வைசர் கத்தினால் 'யெஸ் சார்' எங்கே, 'நோ சார்' எங்கே என்று தெரிந்தவன். எண்பத்தாறில், சவூதியில், தம்மாமில், அதற்கு மேல் என்ன வேண்டும்?

அப்போது இங்கிலீஷ் சேனலில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு அமெரிக்கத் தொடர் வரும். எழுபதுகளில் எடுத்தது, எங்களுக்கு வந்து சேர்ந்தது அப்போதுதான். ரெண்டு போலீஸ்காரர்கள், ஒரு கார். ஒருவன் நெட்டை, இன்னொருவன் சுருட்டைமுடி. தொடரின் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. 'வெள்ளிக்கிழமை போலீஸ்' என்று நாங்களே பெயர் வைத்துவிட்டோம். மெஸ் ஹாலில் இருபது பேர் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். நான் டிவி பக்கத்தில் ஸ்டூல் போட்டு, திரையில் வாயசைக்க அசைக்கத் தமிழில் சொல்லிக்கொண்டே போவேன். முக்கால்வாசி என் சொந்தச் சரக்கு. சும்மா சொல்லக்கூடாது, அதை எழுதின அமெரிக்காக்காரனைவிட நன்றாகவே சொன்னேன்.

மாயாண்டி முன்வரிசையில் உட்காருவான். முதுகுளத்தூர் பக்கத்து ஆள், சுருட்டைமுடிக்காரன். நான் நெட்டை. ரெண்டு பேரும் ஏசி மெக்கானிக், ஒரே ரூம், ஒரே பிக்கப். கேம்ப்பே எங்களை அந்தப் போலீஸ்காரர்களின் ஜோடியாக்கிவிட்டது. அந்த முடி இப்போது அவனுக்கு இல்லை. எனக்கு உயரம் மட்டும் மிச்சம். ஆனால் ஜோடி மாறவில்லை. கேம்ப் போய், சொந்த ஒர்க்‌ஷாப் வந்து, நாற்பது வருஷம் ஓடிவிட்டது.

வருகிற புதன்கிழமை அவன் ஃபைனல் எக்சிட். ஊருக்கே போகிறான். அவன் மகள் அகிலா, புஜைராவில் இங்கிலீஷ் டீச்சர், அப்பாவின் சாமான்களைக் கட்டித்தர நாலு நாள் லீவில் வந்திருந்தாள். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து நான் கப்ஸா சோற்றுப் பார்சலோடு அவன் ரூமுக்குப் போனேன். சாப்பிட்டுக் கை கழுவியதும் அவள் லேப்டாப்பை டிவியோடு இணைத்தாள்.

"மாமா, உங்க ரெண்டு பேருக்கும் ஒரு சர்ப்ரைஸ். வெள்ளிக்கிழமை போலீஸைக் கண்டுபிடிச்சிட்டேன்."

"சபாஷ்," என்றேன்.

"அதுலயும் அப்பா சொல்ற அந்த எபிசோட். கார் கடைக்குள்ள போய் மோதுமே, அது."

கழுவின கையை மறுபடியும் கழுவ எழுந்துபோனேன்.

அந்த எபிசோடைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது வந்ததற்கு முதல் நாள், வியாழக்கிழமை, கம்பெனி பிக்கப்பை யார்டில் ரிவர்ஸ் எடுத்துப் புது ஜெனரேட்டரில் இடித்தவன் நான். எனக்கு லைசென்ஸ் கிடையாது. மாயாண்டிக்கு உண்டு. வண்டி அவன் பொறுப்பு. யாரும் பார்க்கவில்லை. நான் ஓட்டினேன் என்று தெரிந்தால் கலாஸ், வேலை காலி, மறுவாரமே ஊர். வந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது, வீட்டில் மூன்று தங்கைகள் கல்யாணத்துக்கு நின்றார்கள். அவன் ஓட்டினான் என்றால் லீவை வெட்டுவார்கள், அதோடு போகும். ஆனால் அந்த லீவு சும்மா லீவு இல்லை. தன் கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்த மாயாண்டி, மனைவி சீதாலட்சுமியின் பிரசவத்துக்காகக் கையைக் காலைப் பிடித்து வாங்கி வைத்திருந்த ஒரு மாதம். சனிக்கிழமை காலையில் விசாரணை.

என்ன பொருத்தமோ, வெள்ளிக்கிழமை எபிசோடில் நெட்டையன் போலீஸ் காரைக் கொண்டுபோய்க் கடைக்குள் விட்டான். பெரிய அதிகாரி ரெண்டு பேரையும் கூப்பிட்டு நிறுத்தினார். சுருட்டை தன் நெஞ்சில் கை வைத்து ஏதோ சொன்னான். என்ன சொன்னான் என்று எனக்கு ஓரளவு புரிந்தது. புரிந்ததை நான் சொல்லவில்லை. "நான்தான் சார் ஓட்டினேன், என் கூட்டாளி மேல தப்பில்லன்னு சொல்றான்" என்றேன். இருபது பேரும் கைதட்டினார்கள். நான் மாயாண்டியைப் பார்க்காமல் டிவியையே பார்த்துக்கொண்டு, சுருட்டையின் பெருமையை இன்னும் நாலு வரி கூட்டிச் சொன்னேன்.

மறுநாள் விசாரணையில் 'நான்தான் ஓட்டினேன்' என்று மாயாண்டி கை தூக்கினான். லீவு போயிற்று. அகிலாவை அவன் முதலில் பார்த்தபோது அவளுக்கு ரெண்டு வயது. அவனைக் கண்டதும் பயந்து அழுதாளாம்.

"அந்த ஒரு சீனை நான் பாக்கணும் மாமா," என்றாள் அகிலா. "அப்பா ஏன் வரலன்னு கேக்குறப்பல்லாம் அம்மா இந்தக் கதையத்தான் சொல்வாங்க, இதப் பாத்துட்டுத்தான் அப்பா உங்களுக்காகப் பழிய ஏத்துக்கிட்டாருன்னு."

நான் சமாளிக்காத இடமா? "லேப்டாப்ல பாத்தா கண்ணு போயிரும்மா, டீ போடு, பேசிக்கிட்டு இருப்போம்" என்றேன். மாயாண்டி கேட்கவில்லை. கல்யாண மாப்பிள்ளை மாதிரி சட்டையை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். சரி, நானே சொல்லிக்கொண்டு போகிறேன் என்று நாற்காலியை முன்னால் இழுத்தேன்.

"நீங்க ரெஸ்ட் எடுங்க மாமா, இன்னைக்கு நான் சொல்றேன்," என்று அவள் சிரித்தாள்.

படம் ஓடியது. அவள் தமிழில் சொல்லச் சொல்ல மாயாண்டிக்கு ஒரே ஆச்சரியம். "இவன் அவன் கொழுந்தன்ல?" என்றான். "இல்லப்பா, கார் மெக்கானிக்." "அப்ப அந்தம்மா எதுக்கு அழுவுது?" "அழலப்பா, அதுக்கு ஜலதோஷம்." மாயாண்டி என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் விட்டத்தைப் பார்த்தேன்.

கார் கடைக்குள் போனது. அதிகாரி வந்தார். சுருட்டை நெஞ்சில் கை வைத்தான். அகிலா படத்தை நிறுத்தினாள்.

"அப்பா, இது வேற எபிசோடோ? 'என்னால பொய் சொல்ல முடியாது சார், அவன்தான் ஓட்டினான்'னு சொல்றான்."

"அதேதான், கடைய நான் மறப்பேனா?" என்றான் மாயாண்டி. "நீ தப்பாச் சொல்ற. இது அமெரிக்கா இங்கிலீஷு. உனக்குப் புரியல. மாப்ள, நீ சொல்லு. என்ன சொல்றான்?"

பன்னிரண்டு வருஷம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த மகளை விட்டுவிட்டு என்னைக் கேட்கிறான். அவள் கோபப்படவில்லை, அவளும் என்னைத்தான் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும். 'ஆமாம்மா, அந்தக் காலத்துப் பேச்சு, உனக்குப் பிடிபடாது' என்றால் அவன் அப்படியே நம்புவான், புதன்கிழமை சந்தோஷமாக விமானம் ஏறுவான். அந்த வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்தது. எனக்கே என்மேல் காறித் துப்ப வேண்டும் போல் இருந்தது.

"புள்ள சொன்னதுதான் சரி," என்றேன். "அவன் உண்மையச் சொல்லிட்டான். அன்னைக்கே எனக்குத் தெரியும். சனிக்கிழமை நீ கை தூக்கணும்னுதான் மாத்திச் சொன்னேன்."

மாயாண்டி திரையில் உறைந்து நின்ற சுருட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முதலில் வெடித்தது அகிலாதான். "ரெண்டு வருஷம் மாமா. எங்க அம்மா தனியாக் கெடந்தாங்க. ஊரே கேட்டுச்சு, ஒம் புருஷன் வருவானா மாட்டானான்னு. நீங்க ஒவ்வொரு லீவுக்கும் எனக்குச் சாக்லேட் வாங்கிட்டு வந்தீங்க."

"ஆமாம்மா," என்றேன். வேறென்ன சொல்ல? தப்பு தப்புதான், அதற்குச் சட்டை மாட்டிவிட முடியாது.

"நீ சும்மா இரு தாயி," என்றான் மாயாண்டி. பிறகு என் பக்கம் திரும்பினான். "எங்கிட்டக் கேக்க வேண்டியதுதானடா."

"கேட்டா செஞ்சிருக்க மாட்டன்னு பயந்துட்டேன்."

"செஞ்சிருப்பேன். மூணு தங்கச்சிய வச்சிருக்கன்னு எனக்குத் தெரியாதா? லீவு போனதுக்கு நான் ஒருநாளும் வருத்தப்படல." அவன் குரல் தணிந்தது. "வயல அப்பா விக்கச் சொன்னாரு, வித்தேன். விசா எடுத்தது மச்சினன். கட்டுனது அம்மா பாத்த பொண்ணு. யாரும் சொல்லாம நானா முடிவு பண்ணி நல்லதா ஒண்ணு செஞ்சேன்னு இருந்தது அந்த ஒண்ணுதான் மாப்ள. அதையும் நீதான் செய்ய வச்சிருக்க."

நாற்பது வருஷமாக லீவைத்தான் அவனிடம் பறித்தேன் என்று நினைத்திருந்தேன். அழுதேன். அறுபத்து மூன்று வயதில், ஒரு பெண்பிள்ளையின் முன்னால், வெட்கமில்லாமல் அழுதேன்.

"மூஞ்சியிலேர்ந்து கைய எடு," என்றான். "அதட்டி அழ வச்சேன்னு என் மக நெனைக்கப் போறா."

"என்ன செய்யணும், சொல்லு. செய்றேன்."

"நான் சொல்ல மாட்டேன். நீயா யோசி."

நான் நிறைய யோசிக்கவில்லை. என் ஃபோனை எடுத்துச் சீதாலட்சுமிக்கு வீடியோ கால் போட்டேன். மாயாண்டி தடுக்கவில்லை. அகிலா டிவியை அணைத்துவிட்டு அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். நாலு ரிங்கில் சீதாலட்சுமி எடுத்தாள். அடுப்படியில் நின்றிருந்தாள்.

"என்ன அண்ணே, சாப்டீங்களா? அவரை ஏத்திவிடுறப்ப மாத்திரைய மறக்காமக் குடுத்துவிடுங்க."

"தங்கச்சி," என்றேன். "அகிலா பொறந்தப்ப இவன் வராமப் போனதுக்கு நான்தான் காரணம். டிவி கதையெல்லாம் நான் கட்டுன பொய். வண்டிய இடிச்சது நான்னு உனக்குத் தெரியும். இவனை ஏமாத்திக் கை தூக்க வச்சதும் நான்."

அவள் முகம் மெல்ல மாறியது.

"பால் பொங்குது. எறக்கி வச்சிட்டு வர்றேன். ஃபோனை வச்சிராதீங்க."

திரையில் அவர்கள் வீட்டுச் சுவரும் ஒரு காலண்டரும் மட்டும் தெரிந்தன. அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஃபோனை எதிலோ சாய்த்து வைத்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னை நேராகப் பார்த்தாள்.

"இப்பச் சொல்லுங்க அண்ணே. மொதல்லேர்ந்து சொல்லுங்க."